பாஸ்ரா, செப்டம்பர் 2003: போர்ச் சட்டம் படித்த படை தவறிய இடம்

ராணுவத்துக்கு மனித உரிமைப் பயிற்சி கொடுப்பவர்கள் அடிமுதல் நுனிவரை படிக்க வேண்டிய வழக்கு ஒன்று உண்டென்றால், அது பாஹா மூசா என்ற ஈராக்கியரின் மரணம். அவரைக் காவலில் வைத்திருந்தவர்கள் வருடாவருடம் போர்ச் சட்ட வகுப்பில் உட்கார்ந்து எழுந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள். கைதியை மனிதாபிமானத்தோடு நடத்த வேண்டுமா என்று கேட்டால் சரியான பதிலைச் சொல்லியிருப்பார்கள். வகுப்பு நடந்தது, வருகைப் பதிவும் இருந்தது. ஒரு மனிதன் அடிபட்டுச் செத்தான். இந்த இடைவெளி எப்படி உண்டானது என்பதைத்தான் இந்த ஆய்வு பார்க்கிறது.

நடந்தது

2003 செப்டம்பர் 14 காலை, தெற்கு ஈராக்கின் பாஸ்ரா நகரில் இப்ன் அல்-ஹைதம் என்ற ஓட்டலை குயீன்ஸ் லங்காஷயர் ரெஜிமென்டின் முதலாம் பட்டாலியன் சோதனை போட்டது. ஆயுதங்கள் கிடைத்தன. ஓட்டல் வரவேற்பாளரான 26 வயது பாஹா மூசாவும் மற்ற ஒன்பது பேரும் பட்டாலியன் தலைமை முகாமிலிருந்த தற்காலிகக் காவல் கட்டடத்துக்குப் போனார்கள். மூன்றே அறைகள் கொண்ட சிறு கட்டடம் அது. நடு அறை பழைய கழிப்பறை.

கைகளில் பிளாஸ்டிக் விலங்கு. தலையில் கவிழ்த்த சாக்குப் பை. முழங்காலை மடக்கி, கையை நீட்டி, அசையாமல் நிற்க வேண்டும். கை தாழ்ந்தால் அடி. தூங்கவிடவில்லை. ஒரு கார்ப்பரல், கைதிகளை வரிசையாக அடித்து, அவர்கள் எழுப்பும் முனகலுக்குப் 'பாட்டுக் குழு' என்று பெயர் வைத்து, எட்டிப் பார்க்க வந்தவர்களுக்கு அதை நடத்திக் காட்டினார். எட்டிப் பார்க்க நிறையப் பேர் வந்தார்கள்.

செப்டம்பர் 15 இரவு பாஹா மூசா இறந்தார். காவலில் இருந்த ஏறக்குறைய 36 மணி நேரத்தில் 24 மணி நேரத்துக்கு நெருக்கமாக அவர் தலையில் சாக்கு இருந்தது. பிரேதப் பரிசோதனையில் உடலில் 93 காயங்கள் எண்ணப்பட்டன. அவருடைய மனைவி முன்பே இறந்திருந்தார். இரண்டு சின்னப் பையன்கள் தாயும் தந்தையும் இல்லாதவர்களானார்கள்.

ஏழு பேர் கோர்ட் மார்ஷலில் நிறுத்தப்பட்டனர். அந்தக் கார்ப்பரல் மட்டும் மனிதாபிமானமற்ற முறையில் நடத்திய குற்றத்தை ஒப்புக்கொண்டு ஓராண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். மற்ற ஆறு பேர் விடுதலையானார்கள். 2008-இல் பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகம் குடும்பத்துக்கும் பிற கைதிகளுக்குமாக 28.3 லட்சம் பவுண்ட் இழப்பீடு தர ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு ஓய்வுபெற்ற நீதிபதி சர் வில்லியம் கேஜ் தலைமையில் பொது விசாரணை அமைக்கப்பட்டு, 2011 செப்டம்பர் 8-இல் மூன்று தொகுதிகளாக அறிக்கை வந்தது. 73 பரிந்துரைகள். அவற்றில் பெரும்பகுதி பயிற்சியையும் கையேடுகளையும் பற்றியவை. பயிற்றுநர்களுக்கு இந்த அறிக்கை இவ்வளவு பயன்படுவதும் அதனால்தான்.

தடை இருந்தது, கையேட்டில் இல்லை

சாக்கு கவிழ்ப்பது 2003-இல் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. 1971 ஆகஸ்டில் வட அயர்லாந்தில் விசாரணையின்றிப் பிடித்து வைக்கப்பட்டவர்கள் சிலரிடம் ஐந்து உத்திகள் பயன்படுத்தப்பட்டன: தலையை மூடுதல், சுவரோரம் வலிக்க வலிக்க நிற்க வைத்தல், இடைவிடாத இரைச்சல், தூக்கத்தைப் பறித்தல், உணவையும் நீரையும் குறைத்தல். பெரும் கண்டனம் எழுந்து, 1972 மார்ச் 2 அன்று பிரதமர் எட்வர்ட் ஹீத், விசாரணைக்குத் துணையாக இவை இனிப் பயன்படுத்தப்பட மாட்டா என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். 1978-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இந்த ஐந்தையும் மனிதாபிமானமற்ற, இழிவான நடத்துமுறை என்று தீர்ப்பளித்தது.

பிரதமரே சபையில் சொன்ன தடை, 31 ஆண்டுகளில் காற்றில் கரைந்தது. 1972-இன் உத்தரவு உள்நாட்டுப் பாதுகாப்பு நடவடிக்கைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. வெளிநாட்டுப் போருக்கும் அது பொருந்துமா என்பதை யாரும் தெளிவாக எழுதி வைக்கவில்லை. கைதிகளைக் கையாள்வது பற்றி 2001-இல் வெளிவந்த முப்படைக் கையேட்டில் ஐந்து உத்திகளின் தடை இடம்பெறவே இல்லை. தெளிவான, ஒரே சீரான வழிகாட்டுதலைத் தராதது பாதுகாப்பு அமைச்சகத்தின் நிறுவனத் தோல்வி என்று கேஜின் விசாரணை ஆணையம் முடிவு கட்டியது.

பயிற்றுநர் இங்கே கவனிக்க வேண்டிய சொற்றொடர், 'விசாரணைக்குத் துணையாக'. இந்த இரண்டு சொற்கள் போதும், தடையில் ஓட்டை விழ. முகாமின் அமைப்பைக் கைதி பார்த்துவிடக் கூடாது, பாதுகாப்புக்காக மூடுகிறோம் என்று ஒருவர் சொல்லலாம். அதே சாக்கு, அதே தலை, அதே மூச்சுத் திணறல். நோக்கத்தைப் பொறுத்து ஒரே செயல் குற்றமாகவும் குற்றமில்லாததாகவும் மாறும் விதியை, இரவு மூன்று மணிக்குக் காவல் நிற்கும் பத்தொன்பது வயதுப் பையனால் கடைப்பிடிக்க முடியாது. எந்தக் காரணத்துக்கும் தலையை மூடக் கூடாது என்ற முழுத் தடை, சட்டத் தேவை மட்டுமல்ல. சொல்லிக் கொடுக்கக்கூடிய ஒரே விதியும் அதுதான்.

வகுப்பில் சொன்னது, வகுப்புக்கு வெளியே பார்த்தது

வருடாந்திரப் போர்ச் சட்ட வகுப்பு பொதுக் கொள்கைகளைச் சொன்னது: கைதியை அடிக்காதே, மரியாதையோடு நடத்து, காயம்பட்டவரைக் கவனி. எந்தெந்தச் செயலைச் செய்யக் கூடாது என்று பெயர் சொல்லிப் பட்டியலிடவில்லை. கொள்கை மட்டும் தெரிந்த சிப்பாய், சாக்கு கவிழ்ப்பதை அடிப்பதோடு சேர்த்து நினைக்க மாட்டான். அதை நடைமுறை என்று நினைப்பான். பாஸ்ராவில் நடந்தது அதுதான்.

இதைவிட ஆபத்தான இன்னொன்று பக்கத்திலேயே நடந்தது. எதிரியிடம் மாட்டிக்கொண்டால் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பதற்காகப் படைகள் தம் வீரர்களுக்கே ஒரு பயிற்சி தருவதுண்டு. அதில் சட்டத்தை மதிக்காத எதிரி என்ன செய்வான் என்று காட்டுவார்கள். கண்ணை மறைப்பார்கள், வலிக்கும் நிலையில் நிறுத்துவார்கள், இரைச்சலைப் போடுவார்கள். அந்தப் பயிற்சியைப் பார்த்தவரும் அதில் பங்கெடுத்தவரும், கைதி என்றால் இப்படித்தான் என்ற படத்தோடு திரும்பும் அபாயம் இருக்கிறது. இது எதிரியின் சட்டவிரோத முறை, நாம் ஒருபோதும் செய்யக் கூடாதது என்பதை அந்தப் பயிற்சியிலேயே அழுத்தமாகச் சொல்ல வேண்டும் என்பது கேஜின் பரிந்துரைகளில் ஒன்று. எந்த நாட்டுப் படையாக இருந்தாலும் மனித உரிமைப் பாடத்தைத் திருத்துவதற்கு முன் இந்தப் பக்கத்துப் பயிற்சியைத் தணிக்கை செய்ய வேண்டும். கண்ணால் பார்த்து உடம்பால் அனுபவித்த பாடத்தின் முன், வகுப்பில் திரையில் ஓடிய படம் நிற்காது.

தவறான பாடம் நுழைந்த மூன்றாவது வழி, கள விசாரணை செய்வோருக்கான பயிற்சி. பிடிபட்ட அதிர்ச்சி கலையாமல் பார்த்துக்கொள்வது என்ற கருத்து அங்கே புழங்கியது. அந்த அதிர்ச்சியை எதனால், எவ்வளவு நேரம், எந்த எல்லைவரை என்று வரையறுக்கவில்லை. வரையறுக்காத இடத்தைக் காவலாளிகளின் கை நிரப்பியது.

ஆணை நின்றுபோன படிக்கட்டு

படையெடுப்பு தொடங்கிய 2003 மார்ச் மாதக் கடைசியிலேயே உம் கஸ்ர் துறைமுக நகரில் தலை மூடப்பட்ட கைதிகளைப் பார்த்து, டிவிஷனின் மூத்த சட்ட அதிகாரி எதிர்ப்புத் தெரிவித்தார். சர்வதேச செஞ்சிலுவைக் குழுவும் புகார் கொடுத்தது. டிவிஷன் தளபதி வாய்மொழியாகத் தடை போட்டார். அதாவது, முறைகேட்டைக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு வேலை செய்தது, மேலிடமும் செவிசாய்த்தது.

ஆனால் வாய்மொழி ஆணை, அதைக் கேட்ட காதுகளோடு ஊருக்குத் திரும்பிவிடும். படைப்பிரிவுகள் மாறின. கோடையில் புதிய பிரிகேட் வந்தது, புதிய பட்டாலியன் வந்தது. செப்டம்பரில் காவல் அறையில் நின்றவர்களை அந்தத் தடை எட்டியிருக்கவில்லை. அவர்களுக்குத் தெரிந்த நடைமுறை, சாக்கு.

ஜூன் இறுதியில் வந்த இன்னோர் ஆணை, பிடிபட்டவரை 14 மணி நேரத்துக்குள் உம் கஸ்ரின் பெரிய தடுப்பு மையத்தில் ஒப்படைக்கச் சொன்னது. காவலில் வைப்பதா, விடுவிப்பதா என்று பரிசீலிக்க ஒவ்வொரு பட்டாலியனிலும் ஓர் அதிகாரியை நியமித்தது. நல்ல ஏற்பாடு. அந்தப் பதவிக்குரிய பயிற்சி மட்டும் கொடுக்கப்படவில்லை. பாஹா மூசா இறக்கும்போது 14 மணி நேரம் கடந்து இரு மடங்குக்கும் மேல் ஆகியிருந்தது. மணி நேரக் கெடு என்பது அலுவலகச் சம்பிரதாயமாகத் தோன்றலாம். கேடு பெரும்பாலும் கெடு கடந்த பிறகுதான் நடக்கிறது: காவல் நிற்பவர் சலித்துப் போகிறார், விசாரணை பலன் தரவில்லை என்ற எரிச்சல் ஏறுகிறது, தூக்கமில்லாத கைதி சொன்னதைக் கேட்க முடியாத நிலைக்குப் போகிறார். அந்தக் கட்டத்தில் அவர் கீழ்ப்படியவில்லை என்று அடி விழுகிறது.

இதோடு, ஆகஸ்டில் பாஸ்ராவில் ராணுவப் போலீஸார் மூவர் கொல்லப்பட்டிருந்தனர். பிடிபட்டவர்களுக்கு அதில் கையிருக்கிறது என்ற பேச்சு காவல் நின்றவர்களிடையே பரவியது. பழிவாங்கும் மனநிலையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாத போர்ச் சட்ட வகுப்பு, முக்கியமான பாடத்தை விட்டுவிட்ட வகுப்பு.

மரணத்தின் காரணம் ஒரு பாடம்

ஆணையம் மரணத்துக்கு இரண்டு அடுக்குக் காரணம் சொன்னது. வெப்பம், நீரும் உணவும் போதாமை, களைப்பு, பயம், முந்தைய காயங்கள், சாக்கு, வலி நிலை எல்லாம் சேர்ந்து உடலை முதலில் நலிவடையச் செய்தன. கடைசியில் நடு அறையில் நடந்த தாக்குதலும், ஆபத்தான கிடையில் அழுத்திப் பிடித்ததும் உயிரைப் பறித்தன.

இதைச் சட்ட வகுப்பில் மட்டும் சொல்லிப் பயனில்லை. கையாளும் பயிற்சியில் உடம்போடு சேர்த்துக் கற்றுத்தர வேண்டும். கை பின்னால் கட்டப்பட்டுக் குப்புறக் கிடப்பவரின் முதுகில் முழங்காலோ உடல் எடையோ விழுந்தால் மார்புக்கூடு விரியாது. மூச்சுக்கு ஏங்கும் மனிதர் திமிறுவார். மேலே இருப்பவர் அதை எதிர்ப்பு என்று எடுத்துக்கொண்டு இன்னும் அழுத்துவார். திமிறல் நின்றதும், அடங்கிவிட்டார் என்று நினைப்பார். எனவே வரிசை இது: அடக்கியவுடன் முதுகிலிருந்து எடையை எடு, ஒருக்களித்துப் புரட்டு அல்லது உட்கார வை, முகத்தைப் பார், பேச்சுக் கொடுத்துப் பதில் வாங்கு, மூச்சைக் கவனித்துக்கொண்டே இரு. மூக்கும் வாயும் தெரியாமல் இருந்தால் இதில் பாதியைச் செய்யவே முடியாது. சாக்கைத் தடை செய்ய இந்த ஒரு காரணமே போதும்.

பாடமாக மாற்றும்போது

1949-இன் மூன்றாம் ஜெனீவா ஒப்பந்தத்தின் 127-ஆம் பிரிவு, ராணுவப் பாடத்திட்டத்தில் ஒப்பந்தத்தைச் சேர்க்கச் சொல்கிறது. 1977-இன் முதல் கூடுதல் நெறிமுறை, 82-ஆம் பிரிவில் சட்ட ஆலோசகர்களையும் 87-ஆம் பிரிவில் தளபதிகளின் பொறுப்பையும் வைக்கிறது. எத்தனை மணி நேரம், எந்த முறையில் என்று எதுவும் சொல்லாது. அதைப் படைதான் தீர்மானிக்க வேண்டும். கீழே வருவது, பாஸ்ராவின் தவறுகளை நேர்எதிராகத் திருப்பி வைத்தால் கிடைக்கும் வடிவம்.

முதல் வேலை, ஒவ்வொரு கொள்கையையும் கண்ணால் பார்க்கக்கூடிய செயலாக இறக்குவது. சிப்பாயின் கையில் கொடுக்கும் அட்டையில் 'மனிதாபிமானம்' என்ற சொல் வேண்டாம். தலையை மூடாதே, வலிக்கும் நிலையில் நிறுத்தாதே, தூங்கும் நேரத்தில் எழுப்பாதே, நீரைத் தண்டனையாக நிறுத்தாதே, இரைச்சல் போடாதே. வலி நிலைக்குத் தெளிவான அளவுகோல் தேவை: கைதியை வேண்டுமென்றே ஒரு நிலையில் இருக்கச் சொல்லி, அது வலியையோ கடும் அசௌகரியத்தையோ சோர்வையோ தருமானால் அது வலி நிலை. உட்கார வைத்தாலும் இது பொருந்தும். சில பயிற்றுநர்கள் மாணவர்களையே அப்படி நிற்க வைத்துக் காட்டுவார்கள். வேண்டாம். தாக்குப்பிடிக்கும் பயிற்சி செய்த அதே தவறு அது. கோட்டுப் படம் போதும்.

தடையோடு மாற்றுவழியும் சேர்ந்து வர வேண்டும், இல்லாவிட்டால் சிப்பாய் பழையதற்கே திரும்புவார். முகாமைக் கைதி பார்க்கக் கூடாது என்றால் வண்டிக்குத் திரை போடலாம், சுற்றுவழியில் கொண்டு வரலாம். தவிர்க்கவே முடியாதபோது கண்ணை மட்டும் மறைக்கும் கறுப்புக் கண்ணாடி. அப்போதும் போட்ட நேரமும் கழற்றிய நேரமும் பதிவேட்டில் ஏற வேண்டும். காரணம் தீர்ந்ததும் கழற்ற வேண்டும்.

அடுத்தது ஒத்திகை. முப்பது பேர் கொண்ட பிளட்டூனை ஆறு பேராகப் பிரித்து, ஐந்து நிலையங்களில் சுழற்றலாம்: பிடிக்கும் இடம், வண்டி, வரவேற்பு, காவல் அறை, ஒப்படைப்பு. பிடிக்கும் இடத்திலேயே கைதிக்கு விவரச் சீட்டு கட்ட வேண்டும்: நேரம், இடம், பிடித்த பிரிவு, உடலில் ஏற்கெனவே உள்ள காயம், எடுத்த பொருள்கள். காயத்தை எழுதாமல் வாங்கிக்கொள்ளும் ஒவ்வொரு கையும் அந்தக் காயத்துக்குப் பொறுப்பேற்கிறது என்று சொல்லிக் கொடுத்தால், அடுத்த முறை வாங்குபவர் கைதியைத் தலை முதல் கால்வரை பார்ப்பார். ஒப்படைப்பு, வாங்குபவரின் கையெழுத்தோடு முடிய வேண்டும்.

காவல் அறைக்கு மற்ற நான்கும் சேர்ந்த அளவு நேரம் ஒதுக்க வேண்டும். குறைந்தது நான்கு மணி நேரம், அதில் ஒரு பகுதி இரவில், முந்தைய நாள் வேலைக் களைப்போடு. பாஸ்ராவில் கேடு நடந்தது அந்த அறையில்தான். ஆனால் பெரும்பாலான ஒத்திகைகள் பிடிப்பதோடும் சோதிப்பதோடும் முடிந்துவிடுகின்றன, ஏனென்றால் காவல் நிற்பதில் விறுவிறுப்பில்லை.

அந்த நான்கு மணி நேரத்துக்குள் அழுத்தங்களை ஒவ்வொன்றாக நுழைக்க வேண்டும். பட்டாலியனின் வேறு கம்பெனியைச் சேர்ந்த சார்ஜென்ட் ஒருவர் உள்ளே வந்து, "நம்ம ஆளுங்களைக் கொன்னது இவனுங்கதான்" என்று கையை ஓங்குவார். காவலாளி என்ன செய்கிறார்? 'தடுப்பேன்' என்று வகுப்பில் எழுதியவர்களில் பலர் அங்கே வாயடைத்து நிற்பார்கள். பதவியில் மூத்தவரைப் பார்த்துச் சொல்ல அவர்களிடம் தயார் வாக்கியம் இல்லை. அதைக் கொடுத்து, சத்தமாகச் சொல்லிப் பழக்க வேண்டும்: "சார், இந்த அறை என் பொறுப்பு. நீங்கள் வெளியே போக வேண்டும். வந்ததைப் பதிவேட்டில் எழுதுகிறேன்." பிறகு விசாரணை அதிகாரி வந்து, கைதியைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்வார். காவலாளிக்கு ஆணையிடும் அதிகாரம் விசாரிப்பவருக்கு இருக்கக் கூடாது என்பதை அந்த இடத்தில் கற்பிக்கலாம். கடைசியாக ஒரு மருத்துவ உதவியாளர் வந்து சிராய்ப்புகளைப் பார்ப்பார். அவர் என்ன எழுதுகிறார், யாரிடம் சொல்கிறார் என்று பார்க்க வேண்டும். பாஸ்ராவில் அந்தக் கட்டடத்துக்குள் போய்வந்த பலர் வாய் திறக்கவில்லை. துணிவில்லாமல் போனது ஒரு பங்கு என்றால், யாரிடம் சொல்வது என்று ஒத்திகை பார்க்காததும் ஒரு பங்கு. சொல்ல இரண்டு வழிகளாவது இருக்க வேண்டும், அதில் ஒன்று சொந்தப் பட்டாலியனுக்கு வெளியே.

மதிப்பெண்ணை எழுத்துத் தேர்வில் போடக் கூடாது. பதிவேட்டை எடுத்துப் பார்க்க வேண்டும்: நீர் கொடுத்த நேரங்கள், கழிப்பறை, வந்துபோனவர் பெயர், காவல் மாறிய நேரம், பிடித்ததிலிருந்து ஒப்படைத்ததுவரை ஆன மணி. இடைவெளி விழுந்த இடத்தில்தான் பயிற்சியின் பலவீனம் இருக்கும். சட்டத்தைத் தெரிந்திருப்பது நடத்தையை மாற்றப் போதாது, ஆணையும் ஒத்திகையும் தண்டனையும் சேர வேண்டும் என்று செஞ்சிலுவைக் குழு 2004-இல் வெளியிட்ட ஆய்வும் சொல்கிறது.

யார் கற்பிப்பது என்பதில் எனக்குத் திடமான கருத்து உண்டு. சட்ட அதிகாரி சார்ஜென்ட்களுக்குக் கற்பிக்கட்டும். சிப்பாய்களுக்குச் சார்ஜென்ட் கற்பிக்கட்டும். களத்தில் அவர்கள் திரும்பிப் பார்ப்பது சார்ஜென்டின் முகத்தைத்தான். கமாண்டிங் அதிகாரியும் ஒருநாள் காவல் அறை ஒத்திகையில் பொறுப்பில் நிற்க வேண்டும், நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பவராக அல்ல.

பிரிவு மாறும்போது நடைமுறையில் உள்ள தடைகள் அனைத்தும் எழுத்தில், ஒரே தாளில், வாங்குபவரின் கையெழுத்தோடு கைமாற வேண்டும். வாய்மொழியாக வந்த எந்தத் தடையையும் 24 மணி நேரத்துக்குள் எழுத்தாக்கக் கேட்பது சட்ட அதிகாரியின் வேலை.

முடியாத ஒரு வாதம்

73 பரிந்துரைகளில் ஒன்றை மட்டும் அரசு ஏற்க மறுத்தது: கள விசாரணையில் முகத்துக்கு நேரே உரக்கக் கத்திக் கூச்சலிட்டு மிரட்டும் முறைக்குத் தடை. உயிர் காக்கும் தகவலை விரைவாகப் பெற அது தேவைப்படலாம் என்பது அரசின் வாதம். என் பார்வையில் இது தவறான முடிவு. கத்தல் ஒரு அறையில் அனுமதிக்கப்பட்டால், பக்கத்து அறையில் காவல் நிற்பவர் காதில் அது விழும். அவருக்கு அது பாடமாகிவிடும். அந்த முறையை வைத்திருக்கும் படைகளில் பயிற்சி தருபவர், விசாரணை அறையைக் காவல் அறையிலிருந்து கேட்காத தொலைவில் வைக்கச் சொல்ல வேண்டும். முழு விசாரணையும் ஒலி, ஒளிப் பதிவாக வேண்டும். காவலாளி குரலை உயர்த்தலாம் என்பது 'நில்', 'விலகு', 'கையைக் காட்டு' போன்ற பாதுகாப்பு ஆணைகளுக்கு மட்டும் என்று அட்டையிலேயே அச்சிட வேண்டும்.